'கருக்கு' நமக்குக் கற்பிப்பது
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்துவரும் சங்கத்தின் விழாவில் ஒரு நூலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது தொலைவிலிருந்து வந்த நூலன்று. நம் சோழபுரத்திற்கு வடக்கே, திருவில்லிபுத்தூரையும் கடந்து, வத்திராயிருப்பை அடுத்துள்ள புதுப்பட்டியில் 1958-ஆம் ஆண்டு பிறந்த பாமா எழுதிய முதல் நூல். பெயர் 'கருக்கு'. 1992-இல் வெளிவந்தது. தன்வரலாறு என்பர் பலர்; புதினமாகப் படிப்போரும் உளர்.

பனைமட்டையின் இருபுறமும் வாள்போல் அமைந்த கருக்கை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். விறகுக்குப் பொறுக்கும் கையை அது கீறிவிடும். அத்தகைய கீறல்கள் இந்நூலில் பல. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். அதைக் கண்ட சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அது நிலக்காரருக்குரியது, அவர் தொட்டால் தீட்டாம் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு மறைகிறது. பள்ளியிலோ, தேங்காய் திருடியதாக அவள்மேல் வீண்பழி விழுகிறது.

படித்து முன்னேறினால் இழிவைத் துடைக்கலாம் என்றார் அண்ணன். பின்னாளில் சிறந்த ஆய்வாளராக விளங்கிய ராஜ் கௌதமனே அவர். தங்கை படித்தார், ஆசிரியை ஆனார், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்ற எண்ணிக் கன்னியர் மடத்திலும் சேர்ந்தார். அங்கும் சாதி இருந்தது. 1992-இல் மடத்தைவிட்டு வெளியேறியபோது, பட்டம் இருந்தும் மனக்காயம் ஆறவில்லை. அப்போதுதான் நடந்தவற்றைத் தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதத் தொடங்கினார். எழுத எழுத நிமிர்ந்தார். முதலில் சொந்த ஊரிலேயே மனவருத்தம் எழுந்தது. ஆயினும் நூல் நிலைத்தது. 2000-ஆம் ஆண்டில் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அன்பர்களே! படிப்பு அவருக்கு வலிமை தந்தது. ஆனால் புண்ணை ஆற்றத் தொடங்கியது, வாய் திறந்து சொன்ன உண்மையே. நாம் நம் பெண்பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். மனத்தில் என்ன கீறல் என்று கேட்டோமா? "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போகும்" என்று நாமே வாயை அடைத்ததில்லையா?

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் பேச்சிலேயே சொல்லட்டும், எழுதட்டும். பிழை திருத்த வேண்டா, பொறுமையாகக் கேட்போம். அடுத்த 'கருக்கு' இந்தத் தெருவிலும் பிறக்கலாம். பிறக்காவிடினும், ஒரு பெண் தலைநிமிர்ந்து நடந்தால் அதுவே இச்சங்கத்தின் பெரும்பேறு.