சோளப்பொரியும் ஒரு தனிச் சட்டியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் ரொட்டியில் வளர்ந்தவர்கள். விடியற்காலையில் அம்மா சுட்ட கோதுமை மா ரொட்டியோடுதான் நானுஓயாவில் பள்ளிக்கூடம் வந்தோம். அந்த மாவே என் மகளுக்கு ஆகாது என்று வைத்தியர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

அந்த நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களுடைய சிறுகுடலைப் பழுதாக்கும். 1944-45 பஞ்சத்தில், நெதர்லாந்தில் பாண் இல்லாத நாட்களில் நோயாளிப் பிள்ளைகள் தேறியதை டிக்கே என்ற வைத்தியர் கவனித்தார். கோதுமையின் மீது அவருக்கிருந்த சந்தேகம் அதனால் வலுத்தது.

மகளுக்குச் சோளப்பொரி உயிர். சோளத்தில் குளூட்டன் இல்லை. ஆனால் மேலே தூவும் சுவைத்தூளில் கோதுமை மாவோ பார்லி மோல்ட்டோ இருக்கலாம். ரோல்ஸ் பொரித்த எண்ணெயும் மா பட்ட கரண்டியும் கூடாது. சர்வதேச விதிப்படி, 'குளூட்டன் அற்றது' என்ற உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. பொதியை வாசித்துத்தான் வாங்குவேன். வீட்டில் தனிச் சட்டி, புது எண்ணெய், உப்பு, அவ்வளவுதான்.

"ஒரு வாய்தானே" என்று அன்போடு ஊட்டிவிடாதீர்கள். "இதில் என்ன சேர்த்தீர்கள்?" என்று பிள்ளை கேட்டால் கோபிக்காதீர்கள்.

இன்று சோளப்பொரியைத் தனியே பொரித்து மூடிவைத்த தோழிக்கு நன்றி. என் மகளும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்.