சுமை எங்கே இருக்கிறது?

ரிமோட் கண்ட்ரோலில் ஓடும் மாதிரிப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மோட்டார், சுக்கானைத் திருப்பும் ஒரு சிறு கருவி, பேட்டரி. கரையில் நிற்பவர் கையிலுள்ள பெட்டியை இயக்கினால் குளத்தில் படகு சீறிப் பாயும். இந்தப் படகைக் கட்டுகிறவர்கள் சுமையைப் பற்றி நமக்கு ஒன்று சொல்லித் தருகிறார்கள்.

படகுக்குள் இருப்பவற்றில் நல்ல கனமானது பேட்டரி. அது மிகவும் முன்னால் இருந்தால் படகின் மூக்கு தண்ணீரைக் குத்தும், வேகம் போய்விடும். மிகவும் பின்னால் இருந்தால் மூக்கு எழும்பி எழும்பி விழும். அடியில் காற்றுப் புகுந்து படகே கவிழ்ந்துவிடும். ஒரு பக்கமாக இருந்தால் படகு சாய்ந்தபடியே ஓடும். மூன்று நிலையிலும் எடை ஒன்றுதான். இருக்கும் இடம்தான் வேறு.

எனவே படகைக் குளத்தில் விடுவதற்கு முன்னால் எல்லாப் பொருளையும் உள்ளே வைத்து, ஒரு தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு இரண்டு விரல்களால் அடியில் தாங்கி, எந்த இடத்தில் அது மட்டமாக நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். வேகமாக ஓடும் ஒற்றை உடல் படகு 60 சென்டிமீட்டர் நீளம் என்றால், பின்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 18 சென்டிமீட்டரில் அந்தப் புள்ளி இருப்பது நல்ல தொடக்கம். அதன்பின் பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி ஓட்டிப் பார்ப்பார்கள். மறுபடி கொஞ்சம் நகர்த்துவார்கள். அலை அதிகமான நாளில் எடையைச் சற்று முன்னே தள்ளுவார்கள். கனமாக இருக்கிறதே என்று பேட்டரியை எடுத்து எறிந்துவிட யாரும் நினைப்பதில்லை. அது இல்லாமல் படகு ஓடாது.

அன்புக்குரியவர்களே, இது விளையாட்டுப் படகுக்கு மட்டுமான பாடம் அல்ல. சுவீடன் நாட்டு அரசர் 'வாசா' என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டச் செய்தார். நீர்மட்டத்துக்கு மேலே அதற்குப் பாரம் அதிகம். புறப்படும் முன்னரே சோதனை செய்தார்கள். முப்பது பேரைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியது. ஓட்டத்தை நிறுத்தினார்கள், ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல், ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்று வீசியது, சாய்ந்தது, பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. சுமார் முப்பது உயிர்கள் போயின. கப்பல் ஆடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்தும் பயணம் தொடர்ந்தது. அதுதான் வேதனை.

இப்போது நம் வீடுகளுக்குள் வருவோம். படுக்கையில் ஒரு தாய். பிள்ளைகள் நான்கு பேர். ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். ஒருவர் ஞாயிறுதோறும் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஒருவர் தொலைபேசியில் விசாரிக்கிறார். இரவில் இரண்டு மணிக்கு எழுந்து தாயைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்போதும் ஒரே ஒருத்திதான். எல்லோருக்கும் பாசம் இருக்கிறது. ஆனால் பாரம் முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் புயல் தேவையில்லை. சாதாரணக் காற்றே போதும்.

தாயை இறக்கி வைக்க முடியுமா? முடியாது, கூடாது. அவரால்தானே அந்தக் குடும்பம் இவ்வளவு தூரம் வந்தது. பாரத்தை எறிய வேண்டாம், கொஞ்சம் நகர்த்துங்கள். வாரத்தில் ஓர் இரவு இன்னொருவர் விழித்திருக்கட்டும். அதுவே நம்முடைய ஒரு சென்டிமீட்டர். பிறகு பாருங்கள், தேவையானால் இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள்.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். பிறர் சுமையைத் தாங்கச் சொல்கிறார். சில வரிகள் தள்ளி, அவரவர் பளுவை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறார். இது முரண்பாடு அல்ல. எனக்குரிய கடமை என் படகை விட்டுப் போகாது. ஆனால் அது என்னைக் கவிழ்த்துவிடாதபடி பார்த்துக்கொள்ள எனக்குச் சகோதரரும் சகோதரியும் தரப்பட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். படகு தன் சாய்வைத் தானே சொல்வதில்லை. கரையில் நிற்பவர் கண்ணுக்குத்தான் அது தெரிகிறது. சுமக்கிறவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். பார்க்கிற நாம் பேச வேண்டும். பேசுவதோடு நில்லாமல் கை கொடுக்க வேண்டும்.

இன்று இரவு செபத்துக்கு அமரும்போது ஒரு கேள்வி கேட்போம்: நம் வீட்டில், நம் அன்பியத்தில், சுமை யார் பக்கம் இருக்கிறது? பெயர் நினைவுக்கு வந்தால் நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சுமை சுமந்து சோர்ந்தவர்களைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர், அவர்களுக்குத் தோள் கொடுக்கும் மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.