'புரிஞ்சுதா?' என்று கேட்டால் போதுமா?

(நம் சங்கத்தின் மருத்துவ முகாம் அன்று மாலை பேசியது)



வங்கி கவுன்ட்டரில் 35 வருடம் ஓட்டியவனுக்கு டாக்டர்கள் முன்னால் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எதைக் காதில் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது கொஞ்சம் தெரியும்.

பணம் கொடுக்கும்போது "சரியா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதனால் "எண்ணிப் பார்த்துட்டுப் போங்க" என்போம். டாக்டர் "புரிஞ்சுதா?" என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். பின்னால் இருபது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது, படித்தவர்கூட "புரியல" என்று சொல்லக் கூச்சப்படுவார்.

என் அக்காவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எழுதினார்கள். இந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொன்னார், சீட்டிலும் எழுதியிருந்தது. அக்காவும் "சரிங்க டாக்டர்" என்றாள். வெளியே வந்ததும் ஒரு செவிலியர் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "நாங்க தெளிவாச் சொன்னோமான்னு பார்க்கணும்மா. இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்றார். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தினமும்" என்றாள் அக்கா. அந்தச் செவிலியர் கோபிக்கவில்லை. எந்தக் கிழமை வசதி என்று கேட்டு, அட்டையின் மேல் 'செவ்வாய் மட்டும்' என்று பேனாவால் எழுதி, மறுபடி சொல்லச் சொன்னார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இதற்கு டீச்-பேக் என்று பெயராம். அவர் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். பரீட்சை எங்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை என்பதுபோல் கேட்டார். அதனால்தான் அக்காவும் கூச்சமில்லாமல் பதில் சொன்னாள்.

வார்த்தையும் முக்கியம். "பிபி நார்மலா இருக்கு" என்று டாக்டர் சொன்ன மறுநாளே மாத்திரையை நிறுத்தியவர்கள் இந்தக் கூடத்திலேயே இருப்பீர்கள். (கை தூக்க வேண்டாம், வீட்டில் தெரிந்துவிடும்.) "மாத்திரை சாப்பிடறதாலதான் நார்மல், நிறுத்தாதீங்க" என்று சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது. ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றதும் கெட்ட செய்தி என்று முகம் வாடுகிறவர்களும் உண்டு. எஸ்ஓஎஸ் என்றால் 'தேவைப்பட்டால் மட்டும்' என்பது மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் பலருக்குத் தெரிகிறது. மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சில் 2016-லேயே விதி போட்டது. கையெழுத்தைச் சரிபார்ப்பதே பிழைப்பாக இருந்த எனக்கே சில சீட்டுகள் படிக்க வருவதில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். நியாயம்தான், ஓபி கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நோயாளி பேச ஆரம்பித்து சராசரி 18 வினாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் கண்டு எழுதினார்கள். 2002-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 வினாடியில் முடித்துக்கொண்டார்கள். விட்டால் பேரன் கல்யாணம் வரை போவோம் என்று பயப்பட வேண்டாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது இது: பெரியவரை உட்கார வைத்துக்கொண்டே, கூட வந்த மகனிடம் "ஸ்வீட் சாப்பிடறாரா?" என்று விசாரிப்பது. மாத்திரை விழுங்கப் போவது அப்பா. மகன் திங்கட்கிழமை பெங்களூர் போய்விடுவார். "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று அவர் முகம் பார்த்துக் கேளுங்கள். காது மந்தம் என்றால் கத்த வேண்டாம், நேருக்கு நேர் நின்று மெதுவாகப் பேசினால் போதும்.

குடியிருப்பு நண்பர்களுக்கு ஒன்று. டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் ஒரு தடவை திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று நாமே சொல்லலாம். இன்று சீட்டு வாங்கியவர்கள், வாசல் மேஜையில் இருக்கும் செவிலியரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஏழு மணி வரை இருப்பார்கள். பக்கத்திலேயே காபியும் இருக்கிறது.