மூளையில் குருதிக்கசிவு: காத்திருக்கக் கூடாத வேளை
(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பக்கவாதம் இரு வழிகளில் ஏற்படுகிறது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவது மற்றொன்று. பக்கவாதம் வந்த 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு ஏற்படுவது இக்கசிவே. நீண்டகாலம் கட்டுப்படுத்தப்படாத உயர் குருதியழுத்தம் இதன் முதன்மைக் காரணம்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையை உயர்த்த இயலாமை, பேச்சுக் குழறுதல் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள். இதுவரை அறிந்திராத கடுந்தலைவலி இடிவிழுந்தாற்போலத் திடீரெனத் தோன்றுதல், வாந்தி, வலிப்பு, நினைவு மங்குதல் ஆகியவை கசிவில் அதிகம் காணப்படும். ஆயினும் அடைப்பா, கசிவா என்பதை சி.ரி. ஸ்கான் எடுக்காமல் மருத்துவராலும் உறுதியாகக் கூற இயலாது.

ஆகவே, மாரடைப்புக்கு உதவும் அஸ்பிரினைப் பக்கவாதத்திற்கும் கொடுத்துவிடாதீர்கள். கசிவாக இருப்பின் அது குருதி உறைவதைத் தடுத்துத் தீங்கை மிகுவிக்கும். நீரும் உணவும்கூட வேண்டாம். விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் புரையேறும்.

உடனே 000 என்னும் இலக்கத்தை அழையுங்கள். ஆங்கிலம் பேச இயலாதவர் ‘அம்புலன்ஸ்’ என்றும், பின்னர் ‘தமிழ்’ என்றும் கூறி இணைப்பிலேயே காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படுவார். நினைவிழந்து மூச்சு விடுபவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் அனுப்புங்கள்; அவற்றைப் பார்த்தே மாற்று மருந்து தேவையா என மருத்துவர் முடிவு செய்வார்.

தாயகத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் பலருக்கு மெடிகெயார் இல்லை. ‘பிள்ளைக்கு எவ்வளவு செலவாகுமோ’ என்று அவர்கள் வலியை மறைப்பதுண்டு. கட்டணத்தைப் பிறகு பேசித் தீர்க்கலாம். இழந்த மூளைக் கலங்களை மீட்க இயலாது.

மெதுவாக வரும் கசிவும் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து தலை அடிபட்ட முதியவர் அன்று நன்றாகவே இருப்பார். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேற்புறத்து நாளங்கள் இழுபட்டு எளிதில் கிழியும். நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், தூக்க மயக்கம், மறதி ஆகியவை தலைகாட்டும். ‘வயதாகிவிட்டது’ என்று கடந்துவிடாதீர்கள். உரிய காலத்தில் கண்டறிந்தால், சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், காயம் சிறிதாயினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதே வேளை, அம்மருந்தை அச்சத்தால் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தே.

குருதியழுத்தத்தைக் குடும்ப மருத்துவரிடம் ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள். அங்கே தமிழில் பேச 131 450 என்னும் மொழிபெயர்ப்புச் சேவையைக் கேட்டுப் பெறலாம். இன்று வீடு திரும்பியதும் 000 என்பதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டி வையுங்கள். வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.