ஊர் நடுவுல ஒரு டவர் வேணுமா?

போன வாரம் காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு மண்டபத்து வாசல்ல நிக்கும்போது நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், நம்ம ஊர் நடுவுல நாற்பது மாடியில ஒரு டவர் வந்தா எப்படி இருக்கும்? ஊரே வேற லெவலுக்குப் போயிடும்ல?" எல்லாரும் சிரிச்சாங்க. நான் சென்னைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் பஸ்ல அதையேதான் யோசிச்சுட்டு வந்தேன்.

ஏன்னா, காஞ்சிபுரம் அந்த வேலையை எப்பவோ செஞ்சு முடிச்ச ஊர். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டினார். சுமார் 190 அடி உயரம். சரியா 450 வருஷம் கழிச்சு, 1959-ல், சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறந்தாங்க. உயரம் 177 அடி. அன்னிக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம்னு அதைக் கொண்டாடினாங்க. ஆனா நம்ம கோபுரத்தைவிடக் குட்டை!

அந்த எல்.ஐ.சி. சென்னைக்கு என்ன செஞ்சுது? ஊருக்கு ஒரு அடையாளம் கொடுத்துச்சு. பழைய படங்கள்ல ஹீரோ பட்டணத்துக்கு வந்துட்டான்னு சொல்ல அந்தக் கட்டடத்தைக் காட்டினாலே போதும், வசனம் தேவையில்லை. இன்னிக்கு அங்க இருக்கிற பஸ் ஸ்டாப்புக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதுதான் பேர்.

அதனால, சென்னை அண்ணா சாலையில இன்னொரு பெரிய டவர் வரணும்னு யாராவது சொன்னா, நான் ஆதரவுதான். அடையாளம் ஒரு காரணம். இன்னொண்ணு, கீழேயே மெட்ரோ ஓடுது. ஆபீஸ்களை ஊர் ஓரத்துல பரப்பி வெச்சுட்டு டிராபிக்ல நிக்கிறதைவிட, ஸ்டேஷன் பக்கத்துல அடுக்கி வைக்கிறது நல்லது. கார் இல்லாதவங்களும் வேலைக்கு வந்து போகலாம்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. கோபுரம்ங்கிறது அடிப்படையில ஒரு வாசல். அந்த வாசலும் எல்லாருக்கும் திறந்திருக்கலை. 1947-ல் சென்னை மாகாணத்துல கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகுதான் சாதி பார்த்துத் தடுக்கிறது சட்டப்படி குற்றமாச்சு. அதுவரைக்கும் பல பேருக்கு அது தூரத்துல நின்னு பார்க்கிற உயரம் மட்டும்தான். இப்போ நம்ம டவர்கள்ல ஐ.டி. கார்டு இல்லைன்னா செக்யூரிட்டி வாசல்லயே நிறுத்திடுறார். தரைத்தளமும் மேல் மாடியும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கணும். இல்லைன்னா அது ஊரோட அடையாளம் இல்லை, ஒரு கம்பெனியோட விளம்பரம்.

சரி, காஞ்சிபுரத்துல வேண்டாமா? வேண்டாம்னுதான் சொல்வேன். கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் மாதிரி தொல்லியல் துறை பாதுகாக்கிற கோயில்களைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது. அதுக்கு அப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். 2010-ல் திருத்தின சட்டம் அப்படிச் சொல்லுது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் தறி. குழித்தறிக்குத் தரையில பள்ளம் தோண்டணும். நெசவாளர் அதுல காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்வார். அதை இருபதாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. விடியக்காலையில பாவை நீளமா இழுத்துக் கட்டி சரி பண்ணத் தெருவே வேணும். அந்தத் தொழில் மண்ணுல படுத்துக் கிடக்கிற தொழில். ஊர் நடுவுல டவர் வந்தா சுத்தி மனை விலை ஏறும், வாடகை ஏறும். வாடகை வீட்டுல தறி போட்டிருக்கிறவர்தான் முதல்ல காலி பண்ணணும். பட்டுச்சேலைக் கரையில கோபுரம் நெய்யிற ஊர்ல, நெய்யிறவருக்கே இடம் இல்லாமப் போயிடும்.

அதனால நண்பனுக்கு என் பதில் இதுதான்: "டவர் கட்டலாம்டா, அண்ணா சாலையில. ஆனா உங்க அம்மா மெட்ரோவுல வந்து இறங்கி, யார்கிட்டயும் கார்டு காட்டாம உச்சி மாடிக்குப் போய் ஊரைப் பார்க்கணும்."

உங்க ஊர்ல எந்த உயரத்தைப் பார்த்ததும் "வீடு வந்துடுச்சு"ன்னு தோணும்? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.