விழித்திருப்பவர்க்கும் உறக்கம் வேண்டும்



அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைக் கேட்டால், அறுவை செய்த மருத்துவரின் பெயரைச் சொல்வார்கள். தலைமாட்டில் அமர்ந்து மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கணந்தோறும் கவனித்தவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. நாம் நன்றாகத் தெளியும் முன்பே அவர் அடுத்த நோயாளியிடம் போயிருப்பார்.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் இதற்கென்றே உயர்படிப்புப் படித்த செவிலியரும் இப்பணியைச் செய்கிறார்கள். 1877-இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில், புனித வின்சென்ட் மருத்துவமனையில் பணியாற்றிய அருட்சகோதரி மேரி பெர்னார்டையே, பெயர் அறியப்பட்ட முதல் மயக்க மருந்துச் செவிலியராக வரலாறு குறிக்கிறது. பிரான்சிஸ்கன் சகோதரிகள் நடத்திய ராச்செஸ்டர் புனித மரியா மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மேகா, 14,000-க்கு மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும் அதனால் ஓர் உயிரும் போகவில்லை என 1906-இல் எழுதினார். இன்றுள்ள கருவிகள் இல்லாத அக்காலத்தில், கண்ணும் காதும் விரலுமே அவருக்குத் துணை.

இன்று கருவிகள் வந்துவிட்டன, களைப்பு போகவில்லை. காலை ஏழரைக்கு முதல் அறுவை என்றால், அதற்கு வெகுமுன்பே வந்து இயந்திரத்தையும் மருந்துகளையும் சரிபார்க்க வேண்டும். 12 மணி நேரப் பணி உண்டு. 24 மணி நேரப் பணியும் உண்டு. சிற்றூர் மருத்துவமனை சிலவற்றில் இவர் ஒருவரே ஆள். பிள்ளையின் பிறந்தநாள் விருந்தில் இருந்தாலும், பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தால் ஓட வேண்டும். வலி மறக்கச் செய்யும் மருந்துகள் கையருகிலேயே இருப்பதால், பாரம் தாங்காத சிலர் அவற்றுக்கே அடிமையாகிவிடுவதும் நடக்கிறது.

குருக்களாகிய நாமும் நள்ளிரவு அழைப்பை அறிவோம். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் நோயில்பூசுதலுக்குச் சென்று, நோயாளியின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டோம். வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். மருந்தின் அளவு மாறினால் யார் பொறுப்பது?

சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு வானதூதர் அறிவுரை கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் மறுபடியும் படுத்து உறங்கியபோது தடுக்கவில்லை. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரை, சற்று ஓய்வெடுக்க ஆண்டவரே அழைத்தார்.

ஆகவே, மருத்துவமனைகளில் உழைக்கும் சகோதர சகோதரிகளே, 'களைத்திருக்கிறேன், வேறொருவரை அனுப்புங்கள்' என்று சொல்வது கடமை தவறுவதன்று, அதுவே கடமை. பணிப்பட்டியல் எழுதும் பொறுப்பாளர்களே, அப்படிச் சொன்னவரைச் சோம்பேறி என்று குறித்துவைக்காதீர்கள். வீட்டில் இருப்போரே, இரவுப்பணி முடிந்து வந்தவரைப் பகலில் உறங்க விடுங்கள். அறுவை தள்ளிப்போனால் சினம் கொள்ளாதிருப்போம்.

உறங்காமல் நம்மைக் காப்பவர் கடவுள் ஒருவரே. மனிதர் உறங்கித்தான் ஆகவேண்டும். ஆமென்.