சமயம் இகழப்படுவது ஏன்?

(திருத்தணிகைத் திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



சூரபன்மனோடு பொருத வெகுளியும், வள்ளி நாயகியாரின் பொருட்டு வேடரோடு நேர்ந்த பூசலும் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்தருளிய மலையாதலின் இதற்குத் தணிகை என்று பெயர் வழங்கலாயிற்று. செருத்தணி என்பதும் இதுவே. செரு என்பது போர். திருச்செந்தூர் போர் நிகழ்ந்த தலம். திருத்தணிகை போர் ஓய்ந்த தலம். இக்கால மக்களுள் ஒருசாரார் சமயத்தின்மேற் கொண்டுள்ள வெகுளியைப் பற்றி ஆராய்தற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை.

மங்கல விழாவில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பாலாலயம் செய்து, சாரங்கட்டி, விமானத்தின்மேல் ஏறிப் பார்க்கும்போதுதான் கீழிருந்து காணப்படாத வெடிப்புக்கள் கண்ணிற்படுகின்றன. வெடிப்பை அடையாமல் மேலே வண்ணம் பூசுவது நல்ல திருப்பணி ஆகாது.

சமயம் இகழப்படுவதற்குக் காரணம் யாது? அறிவியல் வளர்ந்தமையே என்று பலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். அஃது உண்மையாயின் இம்மலை இந்நாள் வெறிச்சோடியன்றோ கிடத்தல் வேண்டும்? அரக்கோணத்திலிருந்து இரயில் வந்ததனாலும், மலைமேற் பேருந்து ஏறியதனாலும் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் பெருகிற்றேயன்றிக் குறைந்திலது. 1960 ஏப்ரல் 1 இல் இவ்வூர் ஆந்திரத்தினின்றும் பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறிற்று, காவடி வரும் வழி மாறவில்லை. வடக்கேயிருந்து தெலுங்கில் ‘சுப்பிரமணியா’ என்று அழைத்து வருவாரும், தெற்கேயிருந்து ‘அரோகரா’ என்று முழங்கி வருவாரும் ஒரே படியில்தான் கால் வைக்கின்றனர். ஆகவே மக்கள் கடவுளை மறந்துவிட்டனர் என்னும் முறையீடு பொருந்தாது. கடவுளை வணங்குவோரே சமயத்தார் செய்கையைக் கண்டு முகஞ் சுளிக்கின்றனர் என்பதே உண்மை. இவ்வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும்.

இறைவன் இல்லை என்பாரைக் கண்டு சைவம் அஞ்சியதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு மதத்தார் கொள்கைகளை எடுத்துக் கூறி மறுக்கின்றார். அவருள் முதலில் நிறுத்தப்படுபவன் காட்சியொன்றே அளவை என்னும் உலகாயதனே. மறுக்கப்படுவோன் சொல்லத்தக்கது அனைத்தையும் சொல்லவிட்டு, அதன்பின் விடை கூறுதல் மடங்களிற் பயின்ற மாணாக்கர் அறிந்த முறை. அக்காலத்து உலகாயதன் அளவையால் வினவினான்; அளவையாலேயே விடை பெற்றான். இக்காலத்தில் மறுப்போன் வினா அத்தகையதன்று. ‘கடவுள் உண்டோ இல்லையோ, உங்கள் கோயில் வாயிலில் என் பாட்டனை நிறுத்தியது ஏன்?’ என்று அவன் கேட்கின்றான். இதற்குப் பரபக்கத்தில் விடையில்லை. நூலிற் காணத்தக்க விடையும் அன்று.

வினா எவ்வாறு பிறந்தது என்பதற்கு இராமநாதபுரச் சீமையில் நிகழ்ந்ததொன்றைச் சற்று விரிவாக நினைவுகூர்தல் தகும்.

1893 இல் விவேகானந்த அடிகள் சிகாகோ நகரில் நிகழ்ந்த சர்வசமயப் பேரவைக்குச் செல்லுதற்குத் தூண்டி ஆதரவு நல்கியவருள் பாஸ்கர சேதுபதி மன்னர் முதன்மையானவர். அடிகள் புகழோடு மீண்டு 1897 ஜனவரி 26 இல் பாம்பனில் இறங்கியபோது மன்னரே எதிர்கொண்டு பணிந்து வரவேற்றார். மறுநாள் இராமேசுவரம் திருக்கோயிலில் அடிகள் பேசினார். உண்மை வழிபாடு எது என்பதே அப்பேச்சின் பொருள். சிலையில் மட்டும் சிவனைக் காண்பவன் வழிபாட்டின் தொடக்கத்தில் நிற்பவன். ஏழையிடத்தும் எளியோனிடத்தும் நோயாளியிடத்தும் காண்பவனே மெய்யாக வழிபடுபவன் என்பது அவர் உரைத்ததன் கருத்து. மன்னர் உள்ளம் உருகி, ஏழை மக்கள் பல்லாயிரவர்க்கு உணவும் உடையும் வழங்கினார்.

நான்கு திங்கள் சென்றன. அதே ஆண்டு மே மாதம், அதே சீமையைச் சேர்ந்த கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுள் நாடார் குலத்தார் சிலர் புகுந்து வழிபட்டனர். அவர் புகுதல் வழக்கமன்று என்று தடுக்கப்பட்டிருந்த காலம் அது. கோயிலின் பரம்பரை அறங்காவலர் சேதுபதி மன்னர். அவர் பெயரால் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1899 இல் தீர்ப்பு வந்தது: அக்குலத்தார் கோயிலுட் புகுதற்கு உரிமையில்லை, அவர் புகுந்ததனால் செய்ய நேர்ந்த சுத்திச் சடங்குகளுக்காக 500 ரூபாய் கொடுத்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே சிவகாசியில் பெருங்கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் விளைந்தது. வழக்கோ கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இலும் அத்தீர்ப்பே நிலைபெற்றது. கமுதிச் சிவாலயத்துள் எவர் நிற்கலாம் என்பதை இலண்டனில் இருந்த நீதிபதிகள் முடிவு செய்தனர்!

மன்னர் கொடியவர் அல்லர். கொடைக்குப் பெயர் பெற்றவர், புலவரைப் புரந்தவர், சிவபத்தி மிக்கவர். கருதத்தக்கது அதுவே. பத்தியில்லாதவர் இழைத்த தீங்காயின் சமயத்தின்மேற் பழி வாராது. பத்தி மிக்கவர் கையாலேயே, வழக்கம் என்னும் ஒரு சொல்லைக் கொண்டே கதவு சாத்தப்பட்டது. வெளியே நின்றவன் அக்கதவையும் அதன் உள்ளிருந்த கடவுளையும் வேறுபடுத்திக் காண்பான் என்று எதிர்பார்த்தல் யார் இயல்பு? சாத்தியவர்க்கே அவ்வேறுபாடு தெரியவில்லையே.

இவ்விடத்துத் திருக்காளத்தி நினைவிற்கு வருகிறது. தணிகையினின்றும் வடக்கே செல்வார்க்கு அது நெடுந்தொலைவன்று. சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றில், திண்ணனார் படைத்த ஊனும் எலும்பும் திருமுன் சிதறிக்கிடக்கக் கண்டு சிவகோசரியார் பதைத்தார். நாள்தோறும் அவற்றை அகற்றிச் சுத்தி செய்து, நீராடி, மீண்டும் பூசை புரிந்தார். அவரும் குற்றமற்ற அன்பரே. இறைவன் அவரைக் கடிந்தானல்லன். கனவிற் தோன்றி, மறைந்து நின்று அவ்வேடன் அன்பைக் காண்க என்றருளினான். சிவகோசரியார் செய்த சுத்திக்கு எவரிடத்தும் பொருள் கேட்டதாக வரலாறு இல்லை. தை மிருகசீரிடந்தோறும் கண்ணப்பர் குருபூசை நடத்திவந்த நாட்டில்தான் சுத்திச் செலவு 500 ரூபாய் என்று வழக்கு மன்றத்திற் கணக்கிடப்பட்டது.

இனி, நாத்திகத்தின் தலைவராகப் பேசப்படும் ஈ. வெ. இராமசாமிப் பெரியாரை எடுத்துக்கொள்க. அவர் ஈரோட்டில் தேவத்தான கமிட்டியின் தலைமை வகித்துக் கோயில் நிருவாகத்தைச் செம்மையாக நடத்தியவர் என்பது பலர் அறியாதது. 1924 இல் வைக்கத்தில் நிகழ்ந்த அறப்போர் கோயிலுட் புகுதற்கும் அன்று. மகாதேவர் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. சிவபெருமான் ஆலயத்தெருவில் நாய் நடந்தது, பூனை நடந்தது. மனிதருள் ஒருசாரார் நடத்தல் கூடாதென்றனர். அதற்காக இராமசாமியார் இருமுறை சிறைப்பட்டார். அதன் பின்னரே அவருடைய மறுப்பு ஆண்டுதோறும் கடுமையாயிற்று. 1953 இல் பிள்ளையார் உருவத்தை உடைக்கும் அளவிற்குச் சென்றபோது அன்பர் மனம் புண்பட்டது உண்மை, புண்பட்டது முறையுமாம். ஆயினும் வைக்கத்துத் தெருவை மறந்து பிள்ளையாரை மட்டும் நினைப்பது நடுவுநிலைமை ஆகாது.

கதவைச் சாத்தியவரும் சமயத்தார். திறந்தவரும் சமயத்தாரே என்பதை மறுப்போரும் மறத்தல் கூடாது. 1936 நவம்பர் 12 இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயங்களை யாவர்க்கும் திறந்துவிட்டார். 1939 ஜூலை 8 இல் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் கக்கன் முதலிய தொண்டரை உடனழைத்துச் சென்ற அ. வைத்தியநாத ஐயர் நெற்றி நிறைய நீறு பூசியவர். நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களுட் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். அம்மையோ மறுத்திலள். அவ்வாண்டிலும் 1947 இலும் சட்டங்கள் பிறந்தன. கோயிற் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமும் 1947 இலேயே சட்டத்தால் ஒழிந்தது. அதற்காக முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல்லாண்டு போராட நேர்ந்தது. இவையனைத்தும் சமயத்தார் தாமாகச் செய்திருக்க வேண்டியவை. சட்டம் வந்து கைப்பிடித்து இழுத்தபின் செய்தமையால் புண்ணியமும் சட்டத்திற்கே சென்றது.

இழிவு தேடிக்கொண்ட வழி இன்னும் ஒன்று உண்டு. இத்தணிகைப் பெருமானை இளமையிலேயே உருகிப் பாடியவர் இராமலிங்க அடிகள். கண்ணாடியில் தணிகை முருகன் அவர்க்குக் காட்சியளித்தான் என்பர். அவரே பிற்காலத்தில் சாதியையும் சமயப் பூசலையும் கடிந்து, 1867 இல் வடலூரில் சத்திய தருமச்சாலை நிறுவிப் பசித்தவர்க்குச் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. இத்தகையார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவருக்குள்ளேயே பூசல் எழுந்து, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. எதிர்நின்ற ஆறுமுக நாவலரோ தமிழ் உரைநடைக்கும் சைவத்திற்கும் உயிர் கொடுத்தவர். இரு பெரியோரும் மறைந்த பின்னும் துண்டு நூல்கள் அச்சாயின, வசை வளர்ந்தது. அந்நூல்களை அச்சிட்ட பொருளால் எத்தனை திண்ணைப் பள்ளிகள் நடந்திருக்கும் என்று கணக்கிட்டார் எவருமிலர்.

உபயகாரர்க்கும் ஒரு சொல். ஒரு குழல்விளக்கை ஆலயத்திற்கு அளித்து, அதன்மேல் தம் பெயர், தந்தை பெயர், ஊர், கடைப்பெயர் அனைத்தும் எழுதி, விளக்கின் ஒளி வெளிவராதபடி செய்துவிடும் அன்பர் ஊர்தோறும் உளர். நகைப்புக்குரியதுதான், பெரும்பிழை என்று சொல்லுதற்கில்லை. ஆயின் மற்றொன்று நகைப்புக்குரியதன்று. குலத்தால் நிறுத்திய வரிசையைச் சட்டம் நீக்கியபின், பணத்தால் முன்னும் பின்னும் நிறுத்தும் வரிசை பல ஆலயங்களில் வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மணிநேரம் நிற்கும் கூலித்தாய், மாலையும் மரியாதையுமாகப் பக்கவாயிலால் ஒருவர் அழைத்துச் செல்லப்படுவதைக் காண்கிறாள். அவள் நாத்திகம் பேசுவதில்லை. அவள் மகன் பேசுகிறான்.

வள்ளிமலைச் சுவாமிகள் இம்மலையில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிய காலம் வெள்ளையர் ஆட்சிக்காலம். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் மக்கள் எலுமிச்சங்கனியோடு துரைமார் வாயிலிற் காத்து நிற்றலைக் கண்டு, துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகைத் துரையை முதலில் தரிசியுங்கள் என்று அவர்களை இங்கே திருப்பினார். டிசம்பர் 31 இரவில் படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கர்ப்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறும் கூட்டத்தில், பெரியோர் வாயிலில் காத்துநிற்கும் அவ்வழக்கத்திற்கு இடமில்லை. ஆண்டின் நாட்களைப்போல் 365 என்று எண்ணப்படும் அப்படிகளில் எந்தப் படிக்கும் தனியுரிமை பேசுவாரில்லை.

ஆயினும் எல்லா ஊரும் இவ்வாறு இல்லை. சட்டம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2023 ஜனவரி 30 இல் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுள் ஆதிதிராவிட மக்கள் முதன்முறையாகப் புகுந்து வழிபட்டனர். மாவட்ட ஆட்சியரும் காவல்துறையினரும் உடன் நிற்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயில் வாயிலை வருவாய்த் துறையினர் பூட்டி முத்திரையிட்டனர். அம்மன் திருமுன் பல மாதங்கள் விளக்கேற்றுவாரின்றிக் கிடந்தது. அதற்குக் காரணமாயினார் நாத்திகர் அல்லர். யார் உள்ளே வரலாம் என்று தம்முள் பிணங்கிய அம்மனின் அடியாரே.